கீழ்வீட்டு நெருப்பு

வீட்டுவேலைக்கென்று இந்தப் பலெர்மோ நகரத்துக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு மனம் குளிர ஏதாவது சொல்லத்தான் எனக்கும் விருப்பம். அப்படியான கதைகளும் என்னிடம் இருக்கின்றன. அவற்றை இன்னொரு நாள் தேத்தண்ணி குடிக்கும்போது கேளுங்கள். சொல்லாமல் விடக்கூடாதது ஒன்று இருக்கிறது. இப்போது அதைச் சொல்கிறேன்.

புதிய வீட்டுக்குப் போனால் என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். எத்தனை மணிக்கு வரவேண்டும், ஞாயிறு லீவா, பெர்மெஸ்ஸோ என்கிற தங்கும் அனுமதியைப் புதுப்பிப்பதற்குக் கடிதம் தருவார்களா. எல்லாம் கேட்க வேண்டியவைதான். கேட்டு முடிந்ததும் இதையும் கேளுங்கள். இந்த வீட்டில் நெருப்பு எங்கே எரிகிறது, அதன் புகை எந்த வழியால் போகிறது, அந்த வழியைக் கடைசியாகப் பார்த்தவர் யார். அந்த ஆள் அதற்கென்று படித்துச் சான்றிதழ் வைத்திருப்பவரா, அல்லது தண்ணீர்க் குழாய் திருத்த வந்த இடத்தில் அதையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போனவரா.

நான் கேட்கப் பழகியது சரஸுக்கு நடந்ததற்குப் பிறகுதான்.

அப்போது நான் வியா மக்வேதாவிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், பழைய மாளிகை ஒன்றைத் துண்டு துண்டாகப் பிரித்து வீடுகளாக்கிய கட்டடத்தில் வேலை செய்தேன். இங்கே மரியாதைக்குப் பெண்களைச் சிஞ்ஞோரா என்பார்கள்; நான் வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோரா கணவரை இழந்தவர். ஒரே மகன் மிலானோவில். அவரைக் குளிக்க வார்ப்பது, சமைப்பது, மருந்து கொடுப்பது, வீட்டைப் பார்ப்பது எல்லாம் நான்தான். என் மகள் நெருப்புக்காய்ச்சலில் கிடந்தபோது தன்னுடைய வைத்தியரையே அல்பெர்கேரியாவில் நாங்கள் இருந்த வீட்டுக்கு அனுப்பி வைத்த மனுசி. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கெட்டவர்களின் வீட்டில்தான் இப்படி நடக்கும் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

பலெர்மோவில் ஒரு மாரிகாலம் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், இங்கே குளிர் வீட்டுக்குள்தான். கல்சுவர், உயர்ந்த கூரை, சூடாக்கும் வசதி கிடையாது. தெருவில் வெயில் காயும்போது உள்ளே கதிரையில் இருப்பவருக்குக் கால் விறைத்துவிடும். சிஞ்ஞோராவின் வரவேற்பறையில் சுவரோடு கட்டிய பெரிய கணப்பு ஒன்று இருந்தது. அதில் இரண்டு விறகை மூட்டி, தணல் பிடித்ததும் மேலே கரியைக் கொட்டுவார். கரிதான் அவருக்குப் பிடிக்கும். புகை இல்லை, கண் எரியாது, மாலைவரை சூடு நிற்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கால் இரண்டையும் அதற்கு நேரே நீட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார்.

நேர் மேல்வீட்டில் வயதான பேராசிரியர் ஒருவர் தனியே இருந்தார். காது மந்தம். அவர் வீட்டில் வேலை செய்தவள்தான் சரஸ். மொரீசியஸில் பிறந்தவள். பாஸ்போர்ட்டில் சரஸ்பதி என்று எழுதியிருக்கும். அவளுடைய பாட்டனுக்குப் பாட்டன் கொண்டுபோன தமிழில் சாமி பெயர்களும் தேவாரத் துண்டுகளும் உறவுமுறைகளுந்தான் அவளுக்கு மிஞ்சியிருந்தன. என்னை ‘அக்கா’ என்பாள். மிச்சமெல்லாம் இத்தாலிய மொழியில்தான் கதைத்தோம். உங்களுக்கு நம்முடைய பேச்சிலேயே சொல்கிறேன்.

மொட்டைமாடியில் உடுப்புக் காயப்போடும்போது தினமும் சந்திப்போம். அந்த வருட மாரி தொடங்கிச் சில வாரத்தில் அவளுடைய முகம் மாறிப்போயிருந்தது.

“என்ன சரஸ், வெளிறிப்போய் நிக்கிறாய்?”

“தலையிடி அக்கா. காலமை ஒண்டும் இல்லை. மத்தியானத்துக்குப் பிறகு அயன் பண்ணத் துவங்கினா வந்திடும். வயித்தையும் பிரட்டுது.”

அவள் அயன் பண்ணுவது அந்த வீட்டின் உள்ளே, எங்கள் கணப்புக்கு நேர் மேலே இருந்த ஒரு சின்ன அறையில். அறைக்கு ஒரேயொரு யன்னல், அதுவும் உயரத்தில். காற்று வருகிறதென்று பேராசிரியர் அதன் விளிம்பெல்லாம் ஒட்டி மூடியிருந்தார். சரஸ் வைத்தியரிடம் போனாள். கண்ணாடி மாற்றச் சொன்னார், மாற்றினாள். இரத்த அழுத்தம் என்றார்கள், உப்பைக் குறைத்தாள். பேராசிரியர் அவளுக்கு வேலையில் மனம் இல்லை என்று மகளுக்கு ரெலிபோனில் முறையிட்டார். நானும் என் பங்குக்கு மல்லியும் இஞ்சியும் அவித்துப் போத்தலில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் மொந்தே பெல்லெக்ரீனோ மலைக்கு நடந்து ஏறுவோம், அங்கே கோயில் கொண்டிருக்கிற ரொசாலியா அன்னையிடம். அங்கே போனால் சரஸுக்குத் தலையிடி இருக்காது. “பாருங்கோ அக்கா, அன்னைக்கு முன்னால வந்தா இது ஓடிப்போயிடுது” என்பாள். சந்தோசமாகச் சொல்வாள். நானும் தலையாட்டினேன். அந்த வீட்டை விட்டு வெளியே வந்ததால்தான் போகிறது என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

எனக்குத் தோன்றியது, சிஞ்ஞோரா கண் ஒப்பரேஷனுக்காகச் சில நாள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது. கணப்பு எரியவில்லை. அந்த நாட்கள் முழுக்கச் சரஸ் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு உடுப்புக் காயப்போட்டாள். சிஞ்ஞோரா வீட்டுக்கு வந்து நெருப்பு மூட்டிய மறுநாளே அவள் உடுப்புக் கொடிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன்.

சிஞ்ஞோராவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை.

“எங்கட புகை கூரைக்கு மேலால போகுது. அவளுக்கு எப்பிடிப் பிடிக்கும்? எனக்கும் உனக்கும் ஒண்டும் செய்யேல்லையே.”

“தெரியாது சிஞ்ஞோரா. ஆரையும் கொண்டு ஒருக்காப் பாப்பிச்சா என்ன?”

புகைபோக்கியிலிருந்து கணப்புக்குள் கரிப்பொடி உதிர்ந்து கம்பளத்தைப் பழுதாக்கிக்கொண்டிருந்ததால் அவரும் சரியென்றார். மகனிடம் கதைத்தார். புகைபோக்கி வேலைக்குச் சான்றிதழ் உள்ளவர்கள் எல்லோருக்கும் மாரிகாலத்தில் வேலை நெரிசல், ஜனவரியில் வருகிற பெஃபானா திருநாள் கழிந்துதான் வருவார்களாம். மகன் வேறொருவரை அனுப்பினார். அந்த ஆள் எங்கள் வீட்டுக்கு முன்பும் வந்திருக்கிறார். தண்ணீர்க் குழாய் திருத்துவார், திரைச்சீலைக் கம்பி அடிப்பார். நல்ல வாய், நல்ல சிரிப்பு.

காலையில் வந்தார். கணப்புக்கு முன்னால் பழைய துணியை விரித்து, நீளக் கம்பில் மாட்டிய தூரிகையைக் கீழே இருந்து மேலே இடித்து இடித்து ஏற்றினார். புகைக்கரி கொட்டியது. ஒரு பை நிறையக் கட்டி எடுத்து எங்களுக்குக் காட்டினார். அவ்வளவு கரியைப் பார்த்ததும் சிஞ்ஞோராவுக்குப் பெரிய திருப்தி.

“கூரைக்கு ஏறிப் பாக்கேல்லையா?” என்று கேட்டேன்.

“தேவையில்லை. இப்ப பாருங்கோ.” பத்திரிகைத்தாள் ஒன்றைக் கொளுத்திப் பிடித்தார். புகை அப்படியே மேலே இழுபட்டது. “பாத்தீங்களா? விசிறி பூட்டின மாதிரி இழுக்குது.”

“மேல்வீட்டில ஒரு பிள்ளைக்குத் தலையிடி. அதுக்காகத்தான் பாக்கச் சொன்னது.”

“தலையிடிக்கு வேற டொக்டரைக் கூப்பிடுங்கோ” என்று சிரித்தார். அவரே விறகு அடுக்கி, நெருப்பு மூட்டி, தணல் வந்ததும் சிஞ்ஞோரா சொன்னபடி கரியையும் கொட்டிவிட்டுப் போனார்.

எனக்கு மனம் கேட்கவில்லை. மேலே போய்ச் சரஸிடம் சொன்னேன்: “இண்டைக்கு அந்த அறைக் கதவைத் திறந்துவச்சுக்கொண்டு அயன் பண்ணு.” “ஓம் அக்கா” என்றாள். நான் இறங்கி வந்து சமையலைப் பார்த்தேன். சொல்லவேண்டியதைச் சொல்லியாகிவிட்டது என்ற நினைப்பு. அந்த நினைப்பைப் பற்றி உங்களை எச்சரிக்கிறேன். சொன்னவுடன் மனம் இலேசாகிவிடும், ஆனால் மேலே இருக்கிற அறையில் எதுவும் மாறியிருக்காது. அயன் பண்ணுகிற ஈரச் சூடு வீட்டுக்குள் வருவது பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டதைப் பிறகுதான் அறிந்தேன்.

சாப்பாடு முடிந்து சிஞ்ஞோரா கணப்புக்கு முன்னால் கண்ணயர்ந்திருந்தார். குப்பை கொண்டுபோய்ப் போட வாசல் கதவைத் திறந்தேன். படிக்கட்டில் துணி கருகிய மணம். கரிப்புகையாக இருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது, கணப்பு எரிகிற கட்டடத்தில் அந்த மணம் எப்போதும் இருக்கும். இது பருத்தித்துணி தீய்கிற மணம். சரஸ் ஒருநாளும் ஒரு சட்டையைக்கூடத் தீய்த்தவள் இல்லை.

ஓடிப்போய் மணியை அடித்தேன். கதவில் அடித்தேன். கனநேரம் கழித்துப் பேராசிரியர் வந்து திறந்தார். என்ன என்று கேட்டார். நான் அவரைத் தாண்டிப் போனேன். அயன் அறைக் கதவைத் தள்ளினேன், முழுவதும் திறபடவில்லை. உள்ளே தரையில் அவள் கிடந்தாள், கால் கதவை முட்டியபடி. மேசையில் அயன் பெட்டிக்குக் கீழே பேராசிரியரின் சட்டை கருகிக்கொண்டிருந்தது.

பிள்ளைகளே, அந்த இடத்தில் உங்கள் மனம் ஒன்றைச் சொல்லும். குனிந்து அவளை மடியில் தூக்கி வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிடு என்று சொல்லும். அதைக் கேட்காதீர்கள். அந்த அறையில் குந்தி இருந்திருந்தால் அவளுக்குப் பக்கத்தில் நானும் கிடந்திருப்பேன். எனக்கு அப்போது இதெல்லாம் தெரியும் என்று சொல்லமாட்டேன். அந்த அறையில் எனக்கு ஒரு பயம் பிடித்தது, அவ்வளவுதான். முதலில் சமையலறைப் பல்கனிக் கதவை அகலத் திறந்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு திரும்பிப் போய், அயன் பெட்டியின் வயரைப் பிடுங்கி, அவளைத் தோளுக்குக் கீழே பிடித்துப் பல்கனிவரை இழுத்தேன். பேராசிரியரையும் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்தேன். ரெலிபோனில் அம்புலன்ஸ் கூப்பிட்டேன். பிறகுதான் கீழே ஓடினேன். யன்னல்களைத் திறந்து, சிஞ்ஞோராவை எழுப்பி, கம்பளியால் போர்த்திப் படிக்கட்டில் கதிரை போட்டு இருத்தினேன். “என்ன செய்யிறாய்? குளிருது” என்று அழாக்குறையாகக் கேட்டார்.

அம்புலன்ஸில் வந்தவர்களின் பையில் நச்சுக் காற்றைக் கண்டுபிடிக்கும் சின்னக் கருவி தொங்கிக்கொண்டிருந்தது. அது சத்தம் போடவில்லை. நான்தான் எல்லாவற்றையும் திறந்துவிட்டேனே, காற்று ஓடிவிட்டது. சரஸுக்கு மூச்சு இருந்தது, கண் திறக்கவில்லை.

“இவவுக்கு ஏதும் வருத்தம் இருக்குதா?” என்று தாதி கேட்டார்.

“காலமையில ஒண்டும் சாப்பிடமாட்டாள். மயங்கி விழுந்திருப்பாள்” என்றார் பேராசிரியர்.

“அயன் பெட்டியில கரண்ட் அடிச்சிருக்கலாம்” என்றார் தாதியோடு அம்புலன்ஸில் வந்த மற்றவர்.

நான் வேலைக்காரி, என்னுடைய இத்தாலிய மொழியும் அப்படித்தான். அவர்கள் மூவரும் ஆளாளுக்கு ஒரு முடிவோடு நின்றார்கள். கரி எரியும்போது வருகிற நச்சுக் காற்றை ஊரில் இரசாயனப் பாடத்தில் காபனோரொட்சைட்டு என்று படித்தது ஞாபகம் வந்தது, இங்கே அதற்கு என்ன சொல்வதென்று வாயில் வரவில்லை. தாதியின் சட்டைக் கையைப் பிடித்துவிட்டேன்.

“இது மயக்கம் இல்லை. கீழ கரி எரியுது. அந்தப் புகைக்குழாய் இந்த அறைச் சுவருக்குள்ளால போகுது. நெருப்பு எரியிற நாளில எல்லாம் இவளுக்குத் தலையிடி. எரியாட்டி இல்லை. கருவி கத்தேல்லை எண்டால் நான் கதவு திறந்தபடியால்தான்.”

தாதி என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு கருவியைக் கழற்றிக்கொண்டுபோய் அந்த அறைச் சுவரோடு பிடித்தார். அது கத்தத் தொடங்கியது. உடனே சரஸின் முகத்தில் ஒட்சிசன் மூடியை மாட்டினார்கள், தீயணைப்புப் படைக்குச் சொன்னார்கள், எல்லோரையும் கட்டடத்தை விட்டு இறங்கச் சொன்னார்கள்.

தீயணைப்புப் படையின் அதிகாரி முற்றத்தில் வைத்துச் சிஞ்ஞோராவை விசாரித்தார். புகைபோக்கியை யார் துப்பரவு செய்தது?

“அதுக்கெண்டு படிச்ச ஆள். மகன் அனுப்பினவர்” என்றார் சிஞ்ஞோரா. “மேல்வீட்டுப் பிள்ளைக்குச் சுகமில்லை எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அதட்டல் இல்லை. கெஞ்சல் இருந்தது. மகனுக்கு என்ன வருமோ என்ற பயம் இருந்தது. அதிகாரியும் என் பக்கம் திரும்பினார்.

“நீங்களும் வீட்டில நிண்டனீங்களா?”

என் பிள்ளைக்கு வைத்தியர் அனுப்பிய மனுசி கம்பளியைப் போர்த்திக்கொண்டு எனக்கு முன்னால் நடுங்கிக்கொண்டிருந்தார். என்னுடைய பெர்மெஸ்ஸோ அவருடைய கையெழுத்தில் நின்றது. அம்புலன்ஸ் இன்னும் வாசலை விட்டுப் போகவில்லை.

“நிண்டனான். அவர் தண்ணிக் குழாய் திருத்திறவர். கூரைக்கு ஏறேல்லை. தலையிடியைப் பற்றி நான் சிஞ்ஞோராவுக்குச் சொன்னனான்.”

சிஞ்ஞோரா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் என்னோடு கதைக்கவில்லை. மறுநாள் மகன் ரெலிபோன் எடுத்து, இனி வரவேண்டாம் என்றார். என் சாமான்களை வாசல் காவலரிடம் கொடுத்து வைத்திருந்தார்கள், மடித்து, நேர்த்தியாக.

ஆனாலும் அந்தக் கட்டடத்துக்கு இன்னொரு முறை போனேன். அதிகாரிகள் சொன்னதால், புகைக்குழாயை முழுவதும் பார்ப்பதற்குச் சான்றிதழ் உள்ள ஒருவர் வந்தபோது, நடந்ததை நேரில் பார்த்தவர் வேண்டுமென்று என்னையும் கூப்பிட்டார்கள். வந்தது ஒரு பெண். மதோனியே மலையூர் ஒன்றிலிருந்து வந்தவர். பெயர் கேட்க மறந்துவிட்டேன், ஆனால் அவர் வேலை செய்த விதத்தை மறக்கவில்லை. வந்தவுடன் கணப்புக்குள் கை வைக்கவில்லை. முதலில் கூரைக்குப் போனார். பிறகு ஒவ்வொரு மாடியாக இறங்கி, அந்தச் சுவர் போகிற எல்லா அறைகளையும் திறக்கச் சொன்னார். இந்த அறை முன்பு என்னவாக இருந்தது என்று வீட்டுக்கு வீடு கேட்டார். அதன் பிறகுதான் வயர் நுனியில் கமரா கட்டி மேலிருந்து இறக்கினார்.

சின்னத் திரையில் எனக்குக் காட்டினார். சரஸ் அயன் பண்ணிய அறை ஒரு காலத்தில் சமையலறை. அங்கிருந்த அடுப்பின் குழாய் பெரிய புகைக்குழாயில் சேர்ந்த இடத்தில், சாப்பாட்டுக் கோப்பை அகலத்துக்கு ஓர் ஓட்டை. யாரோ அதைத் தகரத்தால் மூடிச் சாந்து பூசி, மேலே பூப்போட்ட சுவர்த்தாள் ஒட்டியிருக்கிறார்கள். தகரம் துருப்பிடித்து ஓரங்களால் கசியத் தொடங்கியிருந்தது. இப்போது அது கழன்று ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே குருவிக்கூடும் இடிந்த செங்கல்லும் புகை போகிற வாயைப் பாதிக்கு மேல் அடைத்திருந்தன.

“இதை ஆர் கழட்டினது?”

“கீழ இருந்து ஏத்தின தூரிகை” என்றார். “கண்ணால காணாத இடத்தை இடிச்சிருக்கினம்.”

“அந்த ஆள் வராமலே விட்டிருந்தா?”

கமரா வயரைச் சுற்றிக்கொண்டு சொன்னார்: “இன்னும் கொஞ்சக் காலம் தலையிடியோட போயிருக்கும். பிறகு இதுதான் நடந்திருக்கும்.” கணப்பின் வாயை அடைத்து, எரிக்கக்கூடாது என்ற அறிவித்தலை ஒட்டி, என்ன பார்த்தார் என்பதை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். போகும்போது என்னிடம், “கீழ நல்லா இழுக்குது எண்டு கீழ நிக்கிற ஆள் சொல்லக்கூடாது” என்றார்.

இதற்குப் பிறகு வேலை தேடிப்போன வீடுகளில் எல்லாம் நான் கேட்டேன். ஒரேத்தோவில் ஒரு வீட்டுக்காரி, “எனக்கு வேலைக்கு ஆள்தான் வேணும், இன்ஸ்பெக்டர் வேண்டாம்” என்று கதவடியிலேயே அனுப்பிவிட்டார். வேறு சிலரும் அப்படி அனுப்பினார்கள். பல மாதம் வேலை இல்லாமல், பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கிற பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவுக்குப் போகப் பயந்துகொண்டு இருந்தேன். உங்களுக்கும் அப்படி வரலாம். வராது என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஆனாலும் கேளுங்கள். கணப்பு மட்டுமில்லை, காஸ் கொதிகலன், விறகடுப்பு, பேக்கரிக்கு மேலே இருக்கிற வீடு, எதுவானாலும். உங்கள் வீட்டு நெருப்பு உங்களுக்கு ஒன்றும் செய்யவில்லையென்றால் மேலே, பக்கத்தில், பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒருத்திக்கு வீட்டுக்குள் வருகிற தலையிடி வெளியே போனால் போய்விடுகிறதென்றால் அவளுக்கு இஞ்சி அவித்துக் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள்.

சரஸ் சாகவில்லை. ஆஸ்பத்திரியில் அழுத்தக் காற்று அறைக்குள் வைத்து ஒட்சிசன் கொடுத்துக் காப்பாற்றினார்கள். முதலில் தேறுகிற மாதிரி இருந்தது. சில வாரம் போனதும் கை நடுங்கத் தொடங்கியது. சட்டைப் பொத்தான் பூட்டத் தெரியவில்லை. சொன்னதைத் திரும்பச் சொன்னாள், பிறகு அதுவும் குறைந்தது. சிலருக்குப் பிந்தி இப்படி வரும் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். மொரீசியஸிலிருந்து அவளுடைய தங்கை கூட்டிக்கொண்டு போக வந்தாள்.

விமானநிலையத்துக்கு நானும் போனேன். தங்கை பெட்டிகளைப் பாரம் பார்க்கக் கொடுக்கிற வரிசையில் நின்றாள். நானும் சரஸும் வாங்கிலில் இருந்தோம். அவளுடைய தலைமயிரை நன்றாக வாரிக் கட்டிவிட்டிருந்தார்கள். அவள் போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். எங்கள் கைகளைப் பார்த்தால் என்ன வேலை என்று யாருக்கும் தெரியும்.

“சிஞ்ஞோரா, நீங்களும் வீட்டுவேலையோ?” என்று மரியாதையாகக் கேட்டாள்.

“ஓம்” என்றேன்.

“நல்ல வீடாப் பாத்துப் போங்கோ” என்றாள். “என்ர வீடு நல்ல வீடு.”